வரைந்த சட்டை

கசமி வீட்டுத் தெய்சுகே தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, எங்கள் கெயாகி தெருச் சலவைக்கடையில் தன் நீலச் சட்டையை வெளுக்கப் போட்டது மழைக்காலம் பிடித்த பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை. ஆள் காகிதக் கனம்தான் இருந்தார். நேராக நின்றால் முழு மனிதர், பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கோடு. ஈரக்காற்றில் ஓரங்கள் லேசாகச் சுருண்டிருந்தன. தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஞாயிறுதோறும் மாலை ஆறரைக்குப் பார்க்கிற முகம், ஐம்பது வருஷமாகப் பார்க்கிற முகம். மீன்கடைக்காரர் தலை குனிந்து வணக்கம் வைத்தார். பொதுக்குளியல் நடத்தும் மித்சு அம்மாள் மட்டும், "டிவில பாக்குறதுக்கு நெட்டையா இருந்தாரு, நேர்ல குள்ளம்தான்" என்றாள். மனதில் பட்டதை அவள் என்றைக்கு மறைத்திருக்கிறாள்.

சட்டையை வாங்கிக்கொண்ட சலவைக்கடைக்காரர் முராக்கோஷி தமோட்சுவுக்குத்தான் வயிறு எரிந்தது. உலகத்தில் அவர் பொறாமைப்பட்ட ஒரே ஆண்பிள்ளை இந்தக் கோட்டுச் சித்திரம்தான், அதுவும் அரை நூற்றாண்டாக. அந்தக் கதையைச் சொல்லாமல் சட்டையின் கதையைச் சொல்ல முடியாது.

கசமி வீடு என்ற கார்ட்டூன் தொடரில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு மாமனார், ஒரு பூனை. புருஷன் தெய்சுகே ரயில் நிலைய வாசலில் பயணச்சீட்டில் துளை போடுகிறவர். நிஜத்தில் அந்த வேலையே ஒழிந்துபோய் இயந்திரம் வந்துவிட்டது, அவர் மட்டும் இன்னும் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டி சுமிரே. அந்த சுமிரேவுக்கு முதல் வாரத்திலிருந்து குரல் கொடுப்பவர் தமோட்சுவின் மனைவி ஃபுசாயே. பெட்டிக்குள் யாருக்கும் வயது ஏறுவதில்லை. தொடர் ஆரம்பித்தபோது தெய்சுகே தமோட்சுவுக்கு அண்ணன் வயது. பிறகு ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே வயதாக இருந்தார்கள், அந்த வருஷம்தான் தமோட்சுவுக்கு மிகவும் கஷ்டமான வருஷம். பிறகு தெய்சுகே தம்பியானார், மகன் வயதானார், இப்போது பேரன் வயது. மூத்தவன் மேல் பொறாமைப்பட்டால் ஊர் அனுதாபப்படும். பேரன் வயதுக்காரன் மேல் பொறாமைப்படுகிற கிழவனைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்யும், சிரித்தோம்.

பொறாமைக்குக் காரணம் ஒரு வார்த்தை. கல்யாணமான புதிதில் ஃபுசாயே அவரை "ஏங்க" என்று கூப்பிடுவார். கடையின் பின்கட்டிலிருந்து அந்தக் குரல் வந்தால் நீராவி இயந்திரத்தின் சத்தத்தையும் மீறித் தமோட்சுவுக்குக் கேட்கும். தொடர் ஆரம்பித்த இரண்டாம் வருஷம் அந்த வார்த்தை ஃபுசாயேயின் வாயைவிட்டுப் போய்விட்டது. வியாழக்கிழமை ஒலிப்பதிவில் மைக் முன்னால் நின்றால் தேன் மாதிரி வரும். வீட்டில் வாயைத் திறந்தால் வெறும் காற்று வரும். மற்ற வார்த்தையெல்லாம் வந்தது, திட்டு உட்பட. தொண்டை வைத்தியர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அந்த வார்த்தை இருக்குற இடம் காலியா இருக்கும்மா. வாரத்துக்கு ஒண்ணுதான் ஊறுது போல, அது அங்க செலவாயிடுது" என்று சொல்லி, வேறொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு ஃபுசாயே புருஷனை "இந்தாங்க", "கேக்குதா", "கடைக்காரரே" என்று கைக்கு வந்தபடி கூப்பிட்டுச் சமாளித்தார்.

போதாக்குறைக்கு, குரலைக் காப்பாற்றுவதற்காகச் செவ்வாய் மாலையிலிருந்து ஃபுசாயே பேச மாட்டார். மேஜையை ஒருமுறை தட்டினால் தேநீர், இரண்டு முறை தட்டினால் குளிக்க வெந்நீர் தயார் என்று அர்த்தம். வியாழன் இரவு தொண்டை கட்டிக்கொண்டு வருவார். முள்ளங்கியைத் துண்டு போட்டுத் தேனில் ஊறவைத்து அந்தச் சாற்றைக் கொடுப்பது தமோட்சுவின் வேலை. எவனையோ கொஞ்சப்போகிற குரலுக்கு முள்ளங்கி நறுக்குகிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இருக்கே, அண்ணே" என்று மித்சு அம்மாள் ஒருமுறை சீண்டினாள். "அரசனா இருந்தாத் தேவலையே. டிக்கெட்டுல ஓட்டை போடுற பய" என்றார் தமோட்சு.

ஞாயிறு ஆறரைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கசமி வீடு ஓடும். நாளைக்கு வேலை, பள்ளிக்கூடம் என்ற நினைப்பில் எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவோம், அந்தக் காற்றில் தெருக்கோடி மரம் லேசாக ஆடும். அந்த நேரம் பார்த்துத் தமோட்சு துண்டை எடுத்துக்கொண்டு பொதுக்குளியலுக்குப் போய்விடுவார். கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்தாலும், மித்சு அம்மாளின் சின்ன டிவியிலிருந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து விழும், "ஏங்க, குடை எடுத்துக்கிட்டீங்களா?" உடனே தலையை நீருக்குள் முக்கிக்கொள்வார். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வார்த்தை தன்னை நோக்கி வரவேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தச் சட்டை வந்து சேர்ந்தது. இப்போதைய பெரிய தொலைக்காட்சிகளில் காலர் அழுக்கு தெரிகிறது என்று தெய்சுகே கூச்சத்தோடு காரணம் சொன்னார். "எப்ப வேணும்?" என்று தமோட்சு முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சனிக்கிழமைக்குள்ள கிடைச்சா புண்ணியமாப் போகும்யா. ஞாயித்துக்கிழம வேணும்ல." தமோட்சு பெயர்ச்சீட்டைக் குத்தும்போது துணிக்குத் தையலே இல்லை என்பதைக் கண்டார். ஒரே நீலம், நிழல் கிடையாது. ஓரத்தை நனைத்துச் சோதித்தார், நீலம் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அந்த விரல் நீலம்தான்.

பிளீச்சில் முக்கினால் சட்டை மட்டுமல்ல, ஆளே வெளுத்துப் போவார் என்று அவருக்குத் தெரிந்தது. வாளியைக் கலக்கியும் வைத்தார். ஆனால் வெளுத்துப் போனவனைத் தேடிப் பெட்டிக்குள் ஃபுசாயேயின் குரல் "ஏங்க, ஏங்க" என்று வாராவாரம் அழுமே, அது இன்னும் மோசம் என்று தோன்றியது. வாளியைக் கொட்டிவிட்டு, சட்டையைக் கையால் அலசி, நிழலில் போட்டார். காலரில் இஸ்திரி வைத்தபோது நீராவியோடு ஒரு "ஏங்க" எழுந்தது. இன்னொரு முறை வைத்தார், இன்னொன்று. ஐம்பது வருஷத்து அழுக்கு அத்தனையும் அதுதான். எதுவும் அவரைத் தேடவில்லை. காதோரமாக ஏறிப்போய்க் கூரையில் முட்டி மறைந்தன. அப்போதுதான் சட்டையைத் தானே போட்டுப் பார்க்கிற யோசனை அவருக்கு வந்தது. சனிக்கிழமை தெய்சுகே வந்தபோது மழையில் காயவில்லை என்று புளுகி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு மாலை, படம் ஆரம்பிக்கிற நேரம் நெருங்க, தெய்சுகே பனியனோடு பெட்டியிலிருந்து இறங்கித் தமோட்சு வீட்டுக் கூடத்தில் நின்றார். தமோட்சு நீலச் சட்டையைப் போட்டு, மேல் பொத்தான் வரை மாட்டியிருந்தார்.

"ஐயா, அது என் சட்டை."

"தெரியுது. இன்னைக்கு ஒரு நாள் நான் போறேன். நீ இரு."

அடி விழும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, தமோட்சு முஷ்டியை இறுக்கியிருந்தார். ஆனால் தெய்சுகே, "போய்ட்டு வாங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் தமோட்சு சாப்பிட உட்காரும் மெத்தையில் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது தமோட்சுவுக்குச் சரியாகப் படவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டதால் குனிந்து உள்ளே நுழைந்தார்.

அந்த வாரக் கதையை நாடே பார்த்தது. கசமி வீட்டில் நரைத்த தலையும் வளைந்த முதுகுமாக ஒரு புருஷன் உட்கார்ந்திருந்தார். யாரும் தொலைபேசியில் புகார் செய்யவில்லை. இத்தனை வருஷத்துக்கு இவராவது மூத்தாரே என்று சிலர் நினைத்ததாகக் கேள்வி. சுமிரே வட்டக் கண்ணோடு திரும்பி, ஃபுசாயேயின் இருபத்தேழு வயதுக் குரலில், "ஏங்க, வந்துட்டீங்களா?" என்றாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், அவர் அழுதார். வரைகிறவர்கள் அதற்குக் கண்ணீர் போடாததால் கன்னம் காய்ந்தே இருந்தது.

"ஏங்க, சோயா சாஸ் வேணுமா?" என்றாள் சுமிரே. "ஏங்க, குடை எங்க?" என்றாள். மூன்றும் ஒரே இனிப்பு, ஒரே அளவு. அவர் பதில் சொல்லுமுன்பே அவள் பூனையின் பக்கம் திரும்பிவிட்டாள். தட்டில் இருந்த மீன் வெறும் வர்ணம், மென்றால் ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

இங்கே அவர் வீட்டுக் கூடம் தெரிந்தது. ஃபுசாயே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மிசோ விழுதில் கொதித்த கானாங்கெளுத்தி மீனை அந்தப் பனியன்காரனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். "கால மடக்கி உக்காரு. என்ன புள்ள நீ, காத்தடிச்சாப் பறந்துருவ போல இருக்கியே" என்று கரகரத்த குரலில் திட்டினார். திட்டிக்கொண்டே சாப்பாட்டுக் குச்சியின் நுனியால் மீனைப் பிரித்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தட்டோரம் வைத்தார். தமோட்சுவின் கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து அவருக்குச் செய்துவந்த வேலை அது. தெய்சுகே அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றார். ஃபுசாயே சிரித்துவிட்டார்.

தமோட்சு பெட்டிக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். பின்னால் சுமிரே "ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பவில்லை. முடிவுப் பாட்டு வரும்வரை தட்டினார்.

வெளியே விழுந்தடித்து வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்தார். தெய்சுகே அதை மாட்டிக்கொண்டு, நான்கு முறை தலை குனிந்து நன்றி சொல்லி உள்ளே போனார். கிண்ணம் துடைத்த மாதிரி இருந்தது.

"மீன் எங்க?"

"தீந்துபோச்சு. அந்தப் புள்ள ரெண்டு தடவ கேட்டுச்சு."

"முள்ளு எடுத்துக் குடுத்த. நான் பாத்தேன்."

"பழக்கமில்லாத புள்ள, தொண்டையில குத்திக்கிச்சுன்னா?"

"மைக் முன்னாடி அவன ஏங்கங்குற. இங்க புள்ளங்குற."

"அது என் வேலை."

"அது வேலைன்னா, இது என்ன?"

ஃபுசாயே கிண்ணங்களை அடுக்கியபடி கொஞ்சம் யோசித்தார். "இது மீனு" என்றார். "முட்டை பொரிச்சுத் தரேன், உக்காருங்க, கிழட்டு மனுஷா."

அடுத்த ஞாயிறு தெய்சுகேயின் மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததை ஊரெல்லாம் பார்த்தது. வரைந்த சோறு அப்படி மினுங்காது. அவர் பேசும்போதும் சாப்பிடும்போதும் கண் அடிக்கடி திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துபோயிற்று. கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எதைப் பார்க்கிறார் என்று தமோட்சுவுக்குத் தெரியும். "இத்தன வருஷம் நீங்க அவரப் பாத்து வெந்தீங்க, இப்ப அவரு வேகுறாரு" என்று மித்சு அம்மாள் சொன்னாள்.

தெய்சுகே இப்போதும் சட்டையைச் சலவைக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எவ்வளவு அடைமழையானாலும் தமோட்சு அதைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் உலர்த்தி, இஸ்திரி போட்டு, தானே பெட்டிக்குள் திணித்துவிடுகிறார். ஒரு நாளும் தாமதம் கிடையாது. ஞாயிறு ஆறரைக்குக் குளிக்கப் போவதையும் விட்டுவிட்டார். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, தோளை அகட்டி, ஃபுசாயேவுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, முள் எடுத்த மீனை மெதுவாகச் சாப்பிடுகிறார். "படம் மறைக்குது, நகருங்க" என்கிறார் ஃபுசாயே. அவர் நகர்வதில்லை.