வியாழக்கிழமைக் கொசு

பத்துமலைக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. வீட்டில் திறந்து கிடக்கும் தண்ணீர் என்று எதுவுமே இல்லை. ஆனாலும் வியாழன்தோறும் மாலையில் சமையலறைச் சுவரில் கொசுக்கள் வந்து உட்கார்ந்தன. கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையம். மற்ற நாட்களில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிகம். வியாழன் மாலை மட்டும் ஏழு, எட்டு. அடித்த கொசுக்களின் எண்ணிக்கையை அவன் நாள்காட்டியில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதி வந்தான். மூன்று வாரமாக அதே கதை.

அது 1982. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறிய குடும்பங்கள், ஈப்போவின் விளிம்பில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியேறியிருந்தன. பத்துமலை இப்போது ஈயச் சுரங்கத்தில் பம்பு பார்ப்பவன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று தேடுவதுதான் அவன் பிழைப்பு. அவனுக்கே இந்தத் தண்ணீர் அகப்படவில்லை.

கொசுவை எண்ணுவது அவனுக்குப் பொழுதுபோக்கு அல்ல. போன மாதம் மூன்றாவது வீட்டு நல்லம்மாளின் ஆறு வயது மகன் செத்துப்போனான். நான்கு நாள் உடம்பு நெருப்பாய்க் காய்ந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று அழுதான். உடம்பில் சிவப்புச் சிவப்பாய்த் தடித்ததும், அம்மை போட்டிருக்கிறது என்று நல்லம்மாள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்று மாலை பையன் வயிறு வலிக்கிறது என்றான். கை கால்கள் சில்லிட்டன. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது அம்மை அல்ல, டிங்கிக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் மிக ஆபத்தான நேரம் என்பது வரிசையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்நேரத்தில் ரத்தக் குழாய்களின் சுவர் ஒழுகத் தொடங்கும். ரத்தத்தின் நீர் வெளியே கசிந்துவிடும். இதயம் இறைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பின்னால் சுகாதார இலாகா ஆள் இதை விளக்கியபோது, பம்பு பார்க்கும் பத்துமலைக்கு அது உடனே புரிந்தது. புரிந்ததால் பயம் இரண்டு மடங்கானது.

அவன் மகள் தவமணிக்கு ஒன்பது வயது. போன வருடம் அவளுக்கு இதே டிங்கிக் காய்ச்சல் வந்து, ஒரு வாரம் படுத்து எழுந்தாள். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று பத்துமலையும் அவன் மனைவி மங்களமும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியைப் பறித்தவன் சுகாதார இலாகாவிலிருந்து செவ்வாய்க்கிழமை புகையடிக்க வந்த ஜெயபாலன்.

“அப்படி இல்லண்ணே. இதுல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்தா அந்த ஒண்ணுதான் திரும்ப வராது. அடுத்த வாட்டி வேற வகை வந்தா, மொத தடவையவிட மோசமா அடிக்கும்னு சொல்றாங்க. கியூபான்னு ஒரு நாடு. அங்க அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு வகை வந்துச்சு, லேசா போயிருச்சு. போன வருசம் இன்னொரு வகை வந்துச்சு. நெறைய பேரு செத்துட்டாங்க.”

“எங்கயோ இருக்குற நாட்டுல நடந்தது இங்க எப்படி தம்பி?”

“கொசுவுக்கு நாடு ஏதுண்ணே? மணிலா, பாங்காக், பினாங்குன்னு கப்பல் போற எடமெல்லாம் தண்ணிப் பீப்பாயில போச்சு. அப்புறம் ரயிலு, லோரி. ஜனங்க நெருக்கமா இருக்கணும், வீட்டுக்குப் பக்கத்துல சுத்தமான தண்ணி தேங்கணும். அது போதும். சாக்கடை அதுக்குப் புடிக்காது.”

“அப்ப எங்க வீடு அதுக்கு மாளிகைன்னு சொல்லுங்க” என்றாள் மங்களம். “சுத்தமா வச்சதுக்கு இதுதான் பலனா?”

அன்று ஜெயபாலன் வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுச் சீனி. முந்தின நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, டிங்கிதான் போலிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஜெயபாலன் பகலிலேயே அவனைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தான்.

“பட்டப்பகல்ல வலையா? நான் என்ன புது மாப்பிள்ளையா?” என்று சீனி முனகினான். “மச்சான் பத்துமலை, எலும்பெல்லாம் யாரோ சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்குலா. நீ அங்க கொசுவுக்கு ஜாதகம் எழுதிக்கிட்டு இருக்கியாமே?”

“வாய மூடிப் படு. அது பகல்லதான் கடிக்கும்” என்றான் பத்துமலை.

வெளியே வந்து ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, புதுசா பொறந்த கொசுகிட்ட நோய் இருக்காதுன்னே வச்சுக்குங்க. காய்ச்சக்காரர கடிச்சாதான் அதுக்குள்ள போகும். உள்ள போயி ஒரு பத்து நாள்ல, அது கடிக்கிற ஆளுக்கெல்லாம் ஏத்திரும். இன்னிக்குப் பொக அடிச்சதுல பறக்குறதெல்லாம் செத்துரும். தண்ணிக்குள்ள இருக்குற புழு சாகாது. இன்னும் நாலஞ்சு நாளைக்கு சீனியண்ணன் ரத்தத்துல நோய் இருக்கும். அதுக்குள்ள புதுசா ஒரு கூட்டம் கெளம்பக் கூடாது.”

பத்துமலை விரல்விட்டுக் கணக்குப் போட்டான். நாளை மறுநாள் வியாழன். அன்று மாலை ஏழெட்டுப் புதுக் கொசுக்கள் வரும். அவற்றில் ஒன்று பலகை இடுக்கு வழியாகப் போய்ச் சீனியைக் கடித்தால் போதும். பத்து நாள் கழித்து அதே கொசு, பாடம் எழுதிக்கொண்டிருக்கும் தவமணியின் கணுக்காலைத் தேடி வரும்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பீப்பாய் மூடியைத் தூக்கிப் பார்த்தான். கூரைத் தகரத்தின் வாய்க்காலில் கை விட்டான். வேலியோரத்து மூங்கில் முளைகளின் பொந்துகளில் குச்சி விட்டு ஆட்டினான். பீப்பாயில் புழு இல்லை. மற்றவை எல்லாம் காய்ந்திருந்தன. சமையலறை வாசலில் உட்கார்ந்து நாள்காட்டியைத் திரும்பப் பார்த்தான்.

ஏன் வியாழன்? கொசுவுக்குக் கிழமை தெரியாது. கிழமை தெரிந்தது மனிதனுக்குத்தான். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்க ஏறக்குறைய ஏழு நாள் என்று ஜெயபாலன் சொல்லியிருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில், சூட்டில், ஒரு நாள் முன்பின் ஆகலாம். அப்படியானால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது.

“மங்களம், வெள்ளிக்கெழம வீட்டுல என்னென்ன செய்வ?”

“என்ன கேள்வி இது? வீடு கழுவுவேன். வெளக்கு தேய்ப்பேன். கோலம் போடுவேன். சாமி கும்புடுவேன். நீங்க தூங்கிக்கிட்டு இருப்பீங்க.”

“தண்ணி எங்கெங்க ஊத்துவ?”

“தரையில, வாசல்ல... அப்புறம் அலமாரி மங்குல. நீங்கதான எந்திரிச்சு வந்து அலமாரி காலத் தூக்கிப் புடிப்பீங்க, மறந்து போச்சா?”

சோறு குழம்பு வைக்கும் வலைக்கதவு அலமாரி அது. எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் தண்ணீர் நிறைந்த நான்கு மங்குகளில் நின்றன. மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணம். தோட்டத்திலிருந்து வந்த எல்லார் வீட்டிலும் அலமாரிக்குக் கீழே மங்குதான்.

“அதத்தான் வாராவாரம் கொட்டுறோமே” என்றான் பத்துமலை. “ஜெயபாலன் தம்பியும் போன மாசம் டார்ச் அடிச்சுப் பாத்துச்சே.”

“அது வந்தது சனிக்கெழம. முந்துன நாள்தான் புதுத் தண்ணி ஊத்தியிருந்தோம்.”

அவன் தரையில் குப்புறப் படுத்து டார்ச்சை அடித்தான். வெளிச்சம் பட்டதும் தண்ணீர் நெளிந்தது. கமா போல வளைந்த கூட்டுப்புழுக்கள் மேலும் கீழும் துள்ளின. எண்ணினான்: ஒரே மங்கில் பதினொன்று. நாளை பறக்க வேண்டியவை.

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏங்க, வெள்ளிக்கெழம நான் கையால கொட்டுன தண்ணிங்க. அஞ்சே நாள்ல எப்படி இவ்வளவு பெருசா? கொழாய்லயே வருதோ?”

அந்தக் கேள்வியை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. கொட்டியும் வருகிறது என்றால், மறுபடியும் கொட்டுவதால் என்ன பயன்? மங்குத் தண்ணீரை எல்லாம் அடுப்புச் சாம்பலில் ஊற்றினான். ஒரு மங்கைத் துணியால் துடைத்துக் காயவிட்டான். கண்ணுக்கு வெறும் கிண்ணம். அதில், கெட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டினான். கொதித்த தண்ணீரில் உயிர் இருக்காது. கட்டிய துணிக்குள் கொசு நுழையாது. இனி ஏதாவது வந்தால் அது மங்கிலிருந்துதான் வர வேண்டும்.

தவமணியை மேசைமேல் காலைத் தூக்கி உட்காரச் சொல்லிவிட்டு, மூவரும் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் சீனி இருமும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் துணியை அவிழ்த்தான். நூல் நுனி போல, கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற அளவில், ஐந்தாறு புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

பத்துமலை தண்ணீரைக் கொட்டி, மங்கின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினான். மெல்லிய தோல் ஒன்று உரிந்து வந்தது. வழித்த பிறகும் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால், பழைய ஒட்டுப்பால். மரத்தில் இருந்த காலத்தில் மங்கை யாரும் தேய்த்துக் கழுவியதில்லை. விரலால் பாலை வழித்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் மங்களமும் அதைத் தேய்க்கவில்லை. காய்ந்து கறுத்த அந்தத் தோலில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, புகைக்கரித் தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

வியாழன் மாலை அவன் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இருட்டும்வரை ஒன்றும் வரவில்லை. நாள்காட்டியில் பூஜ்யம் போட்டான். மறுநாள் சீனியின் காய்ச்சல் இறங்கியது. “எனக்கு நல்லாயிருச்சுலா, விடு மச்சான்” என்று அவன் திமிறியதைக் கேட்காமல், பத்துமலை அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். நான்கு நாளில் சீனி நடந்தே திரும்பி வந்தான். பத்து நாள் போய், இன்னும் ஒரு வாரமும் போனது. தவமணியின் நெற்றியை மங்களம் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

அதற்குள் ஜெயபாலனும் பத்துமலையும் வரிசையின் எல்லா வீட்டு அலமாரிக் கால்களையும் தூக்கிப் பார்த்திருந்தார்கள். நல்லம்மாள் வீட்டு மங்கிலும் அதே புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் சொன்னது ஒன்றுதான். கொசு முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீருக்கு மேலே கிண்ணத்தின் சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். புதுத் தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே ஒட்டுப்பாலை உரித்தெறிந்து, சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரால் கழுவிவிட்டு, அதன் பிறகே மங்கை நிரப்ப வேண்டும். இதை வாரத்தில் இரண்டு முறை, திங்களும் வெள்ளியும் செய்ய வேண்டும்.