அப்பாவின் முட்டிகள்

"வாம்மா, உள்ள வா" என்றார் பரமேஸ்வரன்.

ஒரு காலில் செருப்பைக் கழற்றிய விஷ்ணுப்ரியா மறு காலில் கழற்ற மறந்து கிள்ளான் நகரத்திலிருக்கும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "பொம்பள வேசத்துல இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்" என்று ஆறு வருஷத்துக்கு முன் இதே கேட்டில் நின்று சொன்ன அப்பா இவர். மகனாய்ப் பிறந்த பிள்ளை மகளாகி நின்றதை அவர் தெருவுக்குச் சொல்லவே இல்லை. மகன் ஆஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். அந்த வாயிலிருந்து 'வாம்மா' வந்தால் மனம் குளிரத்தான் வேண்டும். அவளுக்கோ சந்தேகம்தான் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"அப்பாவுக்கு முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று போன் பண்ணியவள் அம்மா அமுதவள்ளி. அந்த அம்மா இப்போது அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வீடெல்லாம் நண்டுக் குழம்பு வாசம். அப்பா கையில் ஒரு கைத்தடி. அதன் பிடியில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

சோபாவில் கன்னையா மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். சொந்தத்தில் ஒரு ஏஜென்ட் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் அபூர்வம். யாருக்கு என்ன நோய் என்று டாக்டருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தால் அடுத்த கல்யாண வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவரைப் பார்த்ததும் விஷ்ணுப்ரியாவுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. பிரிக்பீல்ட்ஸில் அவள் வேலை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனியின் இன்சூரன்ஸ், அவளைப் பெண்ணாக்கும் அறுவை சிகிச்சைக்குச் செலவு ஏற்க ஒப்புக்கொண்டிருந்தது. பாங்காக்கில், அடுத்த மாதம். மாமா விற்கும் பாலிசிகளில் இதற்கு இடமே கிடையாது. அவளுடைய கம்பெனியிலும் அடுத்த வருஷம் இந்தச் சலுகையை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. இப்போது தவறினால் அவள் சம்பளத்துக்கு ஆயுசுக்கும் தவறியதுதான். இதையெல்லாம் அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். "கடவுள் குடுத்த உடம்புல கத்தி வைக்கிறதான்னு அப்பா கத்துறாரு" என்று மறுநாளே அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதென்றால் மாமாவுக்கும் தெரிந்திருக்கும்.

சோறு போட்டார்கள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து நண்டுக் காலைக் கடித்தபடி ஆரம்பித்தார்.

"மச்சானுக்கு ரெண்டு முட்டியும் போச்சும்மா. பாத்ரூம் போறதுக்கே ஆள் புடிக்கணும். நமக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் ரெண்டையும் மாத்தியாகணும்னு எழுதிக் குடுத்துட்டார். உங்க கம்பெனி இன்சூரன்ஸ் கார்டுல அப்பா அம்மாவையும் சேர்க்கலாம்தானே?"

"சேர்த்தாச்சு மாமா. வேலைக்குப் போன புதுசுலயே ரெண்டு பேரையும் போட்டுட்டேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பரமேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். வீடு அவளைத் தள்ளிவைத்த பிறகும் அவள் வீட்டைத் தள்ளிவைக்கவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாமா மட்டும் அசரவில்லை. "அப்ப ஈஸி லா. அடுத்த வாரமே அட்மிட் பண்ணிருவோம். ஆனா பெரிய ஆபரேசன், கம்பெனி குடுக்கிறதுக்கு ஒரு லிமிட் இருக்கும், அது பத்தணும்ல? அதனால உன்னோடத மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

"பெத்தவன் நடக்கணுமா, உன் ஆசை நடக்கணுமா? நீயே சொல்லு" என்றார் பரமேஸ்வரன்.

அவளைப் பொறுத்தவரை அடுத்த வருஷம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆனாலும் அப்பாவுக்கு உண்மையிலேயே வலித்தால்? அத்தனை சந்தேகத்துக்கும் நடுவே மனம் இளகியது. பாழாய்ப்போன பாசம் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் அலறியது. பக்கத்து வீட்டு நாகையாவின் கேட்டை மறைத்து மாமா காரை நிறுத்தியிருந்தார். மாமா கையெல்லாம் குழம்பு. மறுபடியும் ஹாரன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு முப்பது வருஷம் லோரி ஓட்டியவர் பரமேஸ்வரன். பின்னால் ஹாரன் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மேசையிலிருந்த சாவியை எடுத்தார், விறுவிறுவென்று போனார், சாக்கடையைத் தாண்டிக் குதித்தார், காரை எடுத்து ஓரங்கட்டிவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

வாசலில் கால் வைத்தபோதுதான் சோபாவில் சாய்ந்திருந்த கைத்தடி அவர் கண்ணில் பட்டது. மகள் தன்னையே பார்ப்பதும் தெரிந்தது. மெல்ல உட்கார்ந்து, ஞாபகம் வந்தவராக முட்டியைத் தேய்த்தார்.

விஷ்ணுப்ரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்கு வைத்தியம் வேண்டாம். லிமிட்டைத் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நல்ல முட்டி இரண்டையும் அறுத்துக்கொள்ள மனிதர் துணிந்துவிட்டார். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பார்கள். இங்கே எதிரி, பெற்ற பிள்ளை.

அவள் குரலை உயர்த்தவில்லை. "மாமா, நீங்க விக்கிற பாலிசிலதான் குடும்பத்துக்கே ஒரு லிமிட். எங்களுதுல ஆளுக்கு ஆள் தனி. அப்பாவோடது அப்பாவுக்கு, என்னோடது எனக்கு."

மாமா நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தார்.

"அதனால எதையும் தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கே ஆபீஸ்ல பேசுறேன். அப்பா அடுத்த வாரம் அட்மிட் ஆகட்டும். முட்டிய அறுத்து எடுத்துட்டு இரும்பு வைப்பாங்க."

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் பரமேஸ்வரன். "இப்ப கொஞ்சம் பரவால்ல."

"ஏன்ப்பா? டாக்டர் எழுதிக் குடுத்துட்டாராமே."

அடுப்படியிலிருந்து அமுதவள்ளியின் குரல் வந்தது. "கடவுள் குடுத்த முட்டிம்மா. அதுல எப்படிக் கத்தி வைக்கிறது?"

அவள் கேலி செய்கிறாளா, புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாளா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

விஷ்ணுப்ரியா கிளம்பியபோது நாகையா தன் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். "யாரு பரமேசு, விருந்தாளியா?"

"கன்னையாவுக்குத் தெரிஞ்ச பொண்ணு. இன்சூரன்ஸ் விசயமா வந்துச்சு" என்றார் பரமேஸ்வரன்.

கார்டில் அவர் அவளுக்கு அப்பா. தெருவில் அவள் இன்சூரன்ஸ் விஷயமாக வந்த பெண். அவளுக்கு அழுகைதான் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அமுதவள்ளி குழம்பு டப்பாவோடு தெருமுனை வரை கூடவே வந்தாள். கிராப் வாடகைக் கார் வரும்வரை மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதானேம்மா அப்பாகிட்ட சொன்னே?"

"கேட்டாரு, சொல்லிட்டேன். அவரு கேட்டு நான் எதையும் மறைச்சதில்ல."

"இப்பவும் என்கிட்ட ஆபரேசன் தேதி கேட்டு வரச் சொன்னாரா?"

அமுதவள்ளி ஆமென்று தலையாட்டினாள். கார் வந்து நின்றது. டப்பாவை மகள் கையில் கொடுத்துவிட்டு, காரின் கதவைத் தானே திறந்துவிட்டாள்.

"சொல்லாத. சொன்னா, அவரு கேட்டதும் சொல்லிருவேன். எல்லாம் முடிஞ்சப்புறம் போன் பண்ணு. அதுக்கப்புறம் நாகையா கேட்டாலும் சரி, இந்தத் தெருவுல யாரு கேட்டாலும் சரி, என் பொண்ணுன்னு சொல்லிருவேன்."