மார்க்கத்தை வதிவிடமாகவும்

என் கணவர் இராசரத்தினத்தின் தகனம் நாளைக் காலை. செலவை ரொறன்ரோ நகரசபை ஏற்கும் என்று இன்று பின்னேரத்துக்குள் உறுதி வராவிட்டால், அந்த நேரத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் ஈமக்கிரியை நடத்தும் மலர்ச்சாலைக்காரர். அரச உதவிப்பணத்தில் வாழ்ந்த எங்களுக்கு வேறு வழியில்லை.

நாலு மணிபோல நகரசபையிலிருந்து நிலாணி என்ற பிள்ளை போன் எடுத்தாள்.

“அன்ரி, நீங்கள் ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ற் எண்டு சொன்னனீங்கள். மரண அறிவித்தலில மார்க்கம் நகரம் எண்டெல்லோ கிடக்கு? உயிர் போனதும் மார்க்கம் ஆஸ்பத்திரியில. மாகாணம் ஒரு பங்கு தந்தாலும் மிச்சம் ரொறன்ரோ சிற்றியின்ர காசு. சிற்றி எல்லையான ஸ்ரீல்ஸ் ரோட்டுக்கு அங்கால இருந்தவருக்கு நாங்கள் குடுக்கேலாது. மார்க்கம் ஆக்களை யோர்க் றீஜன்தான் பாக்கவேணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிவித்தல் கொடுத்தவன் கணவரின் தம்பி பிரியந்தன். ‘கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா மார்க்கத்தை வதிவிடமாகவும் கொண்ட’ என்று இணையத்தில் போட்டிருந்தான். அது அவனுடைய வதிவிடம். செத்த மனிசனை ஒரே இரவில் தன் பெரிய வீட்டில் குடியேற்றிவிட்டான்!

துக்கம் விசாரிக்க வந்த சனத்தோடு அவனும் எங்கள் பேஸ்மென்றில்தான் இருந்தான். போனை அவனிடம் நீட்டினேன்.

“தம்பி, உந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும்.”

“சனத்துக்கு முன்னால என்னெண்டு அண்ணி? நாளைக்கு நான் யோர்க்கோட கதைக்கிறன்.”

“நாளைக்கு அவரை எரிக்கவேணும். இல்லாட்டி நீர் காசைக் கட்டும்.”

“வீட்டு மோர்ட்கேஜ் கடன் கழுத்தை நெரிக்குது, அண்ணி.”

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். சனம் கதையை நிறுத்தியது.

“அங்கிள், அவர் உங்களோட இருந்தவரோ?” என்றாள் நிலாணி.

“இல்லை.”

“ஒருக்காலும் இல்லையோ? நான் பதியவேணும்.”

பிரியந்தன் நிலத்தைப் பார்த்தான். நான் போனை அவன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“அண்ணை ஒருக்கால் கேட்டவர்,” என்றான் கடைசியில். “வேலை போன நேரம். ஒரு மாசம் வந்து இருக்கட்டோ எண்டு. நான் இடமில்லை எண்டிட்டன்.”

எனக்கு இது தெரியாது. அந்த மனிசன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“காணும் அங்கிள். இப்பவே மலர்ச்சாலைக்கு அறிவிக்கிறன்,” என்றாள் நிலாணி.

எனக்கு மூச்சு வந்தது. அழுகையும் வந்தது.

பிரியந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தான். “அறிவித்தலைத் திருத்தச் சொல்லட்டோ, அண்ணி?”

“எவ்வளவு நாளைக்குப் போட்டிருப்பினம்?”

“ஒரு மாசம்.”

“அப்ப விடும். அவர் கேட்டதும் அவ்வளவுதானே.”