முட்டையில் இல்லாத புள்ளி

அன்று காலை டீ நேரத்துக்கு முன்பே கோகிலவாணி ஒதுக்கி வைத்த முட்டைகளால் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த முட்டை ஏற்றுமதிக் கூடத்தில் இருட்டறை வேலை அவளுடையது. அடியிலிருந்து விளக்கு எரியும் மேசையின் மேல் முட்டைகள் நகர்ந்து வரும். விரிசலோ உள்ளே ரத்தப் புள்ளியோ தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். வழக்கமாக நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு கை அளவுக்குத்தான் தேறும்.

மேற்பார்வை பார்க்கும் சௌந்தர்யா வந்து தட்டைப் பார்த்துத் திகைத்தாள்.

“ஏனுங்கக்கா, கோழிக்கெல்லாம் என்னாச்சு இன்னைக்கு?”

“எதை எடுத்தாலும் ரத்தமா இருக்குது சாமி. நூலு நூலா ஓடுது.”

சௌந்தர்யா ஒரு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்தாள். சுத்தமாக இருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே.

“உடைக்கறப்பக் கலைஞ்சு போயிருக்கும்” என்று சொல்லி, கோகிலவாணி வேறொரு முட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். “இங்க பாரு, நல்லாத் தெரியுதில்ல?”

“எனக்கு ஒண்ணும் தெரியலீங்கக்கா.”

கோகிலவாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் அவள் பார்வையில் தவறு நேர்ந்ததாக ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. எழுந்து வெளியே போனாள். வெயிலில் வெள்ளையடித்த சுவர் பளீரென்று நின்றது. அந்தச் சுவரிலும் அதே கரிய நூல் மிதந்தது. அவள் இடப்பக்கம் பார்த்தால் அதுவும் இடப்பக்கம் வந்தது. வலது கண்ணைக் கையால் பொத்தினாள். சுவர் வெறுமையாக நின்றது.

“சௌந்தர்யா, முட்டையில இல்ல. என்ற கண்ணுல இருக்குது” என்றாள்.

லாரியோடு வடக்கே போயிருந்த கணவர் போனில், தான் வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். அவள் பொறுக்கவில்லை. தம்பி குழந்தைவேலை வரச் சொல்லி, அவன் பைக்கிலேயே நாமக்கல் கண் மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் சாரதாமணி சொட்டு மருந்து விட்டு, கண் பாவை விரிந்த பிறகு நெடுநேரம் உள்ளே பார்த்தார். விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது, சர்க்கரையால் வந்தது என்றார்.

“சர்க்கரையா? எனக்குச் சர்க்கரை சரியா இருக்குதுங்க!”

அது உண்மைதான். நோய் வந்த புதிதில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவாள். பிறகு காலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இழுத்தடித்தது. அன்றிலிருந்து ராகிக் களி, வேளை தவறாத மாத்திரை, விடியற்காலை நடை என்று ஒழுங்குக்கு வந்துவிட்டாள். கல்யாண வீட்டில்கூட இலையில் வைத்த இனிப்பைத் தொடுவதில்லை. கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்து ஊர் டாக்டரே பாராட்டினார்.

“இப்ப சரியா இருக்குதுங்கம்மா, நான் இல்லைங்கல” என்றார் சாரதாமணி. “இது பழைய வருசங்கள்ல செஞ்ச சேதம். ரத்தத்துல சர்க்கரை மிஞ்சிப்போனா உடம்போட செல்லுக்குள்ள அது எரியறதும் தாறுமாறா ஆயிடும். அடுப்புல விறகை அளவில்லாம திணிச்சாப் புகை கக்குமில்லையா, அந்த மாதிரி. அந்தப் புகையைத் துடைக்க உடம்புலயே ஏற்பாடு இருக்குது. அதால சமாளிக்க முடியாதப்ப, கண்ணுக்குள்ள இருக்கற மெல்லிசான ரத்தக் குழாய்ங்க அரிச்சுப்போகும். இதுக்கு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு பேரு.”

“ஸ்ட்ரெஸ்ஸா? எனக்கென்ன டென்ஷனுங்க?”

டாக்டர் சிரித்துவிட்டார். “இது மனசுல இருக்கற டென்ஷன் இல்லைங்க, செல்லுக்குள்ள நடக்கறது. குழாய் அடைபட்டா விழித்திரைக்கு ரத்தம் பத்தாது. அது புதுசா குழாய்களை வளர்க்கும். அதுக வலுவில்லாததுக, வெடிச்சுக் கசியும். சர்க்கரை இறங்கினப்புறமும் அடிபட்ட செல்லு பழையபடி கொஞ்சம் புகைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நீங்க கட்டுப்பாடா இருந்ததால இவ்வளவோட நின்னுது. இல்லாட்டி ரெண்டு கண்ணும் போயிருக்கும்.”

கோகிலவாணிக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. ஒழுங்காக இருந்த வருடங்களுக்கு மதிப்பே இல்லையா என்று நெஞ்சு பொருமியது.

கசிவை நிறுத்த லேசர் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக மறுமுறை போனபோது குழந்தைவேல் டாக்டரிடம் ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினான். ‘செல்லுக்குள் இருக்கும் நச்சை நீக்கும்’ என்ற விளம்பரத்தைப் போனில் பார்த்து வரவழைத்தது.

“இதைச் சாப்பிட்டா லேசர் வேண்டாமுங்களா?”

“கீரை, நெல்லிக்காய் எல்லாம் சாப்பிடட்டும், நல்லதுதான்” என்றார் டாக்டர். “ஆனா இந்த அளவுக்கு வந்த நோயை இப்படி ஒரு மாத்திரை ஆத்தும்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலைங்க. லேசரைத் தள்ளிப்போடாதீங்க.”

கோகிலவாணி டப்பாவை வாங்கித் தம்பியின் சட்டைப் பையில் திருப்பிப் போட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பச்சை வெளிச்சம் ஊசி ஊசியாகக் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல தடவை போய் இரண்டு கண்ணுக்கும் முடித்தார்கள். ரத்தம் மெல்ல வற்றியது. வலது கண்ணில் எழுத்து மறுபடி தெரிந்தது. இருட்டில் மட்டும் பார்வை மங்கிவிட்டது. லேசர் போட்டால் அப்படி ஆகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

இருட்டறைக்கு இனி அவள் ஆகமாட்டாள். பெட்டி கட்டும் பக்கத்துக்கு மாற்றினார்கள். முதல் சில நாள் யார் முகத்தையும் பாராமல் அட்டையை மடித்தாள். அப்புறம் கை பழகியது; பேச்சும் வந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் எதிரே வந்து நின்றாள். போன தீபாவளிக்குத்தான் அவனுக்கும் சர்க்கரை என்று தெரிந்திருந்தது.

“நாளைக்கு நான் கண்ணைக் காட்டப் போறேன். நீயும் வார.”

“எனக்கு நல்லாத்தானேக்கா தெரியுது?”

“எனக்கும் அன்னைக்கு வேலைக்குப் போறவரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது. கண்ணு கெடறப்ப வலிக்காது சாமி.”

அவன் முணுமுணுத்தான். ஆனாலும் வந்தான். பைக் வேண்டாம், மருந்து விட்டால் ஓட்ட முடியாது என்று பஸ்ஸிலேயே கூட்டிப் போனாள்.

டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணும் ஆகல. இப்பவே சர்க்கரையைப் பிடிச்சு வெச்சுக்கங்க. பின்னாடி எவ்வளவு பாடுபட்டாலும் இந்த வருசங்க திரும்ப வராது. வருசா வருசம் கண்ணைக் காட்டிருங்க” என்றார். குழந்தைவேல் தலையாட்டினான். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் தன் முறைக்கு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. மருந்தால் இருவருக்கும் கண் பாவை விரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் வழிய இடுக்கிப் பார்த்தும் ஒரு போர்டும் பிடிபடவில்லை.

“அக்கா, இது எந்த ஊரு பஸ்சு?”

“என்னையப் போய்க் கேக்கறே பாரு!” என்று சொல்லிச் சிரித்தாள் கோகிலவாணி. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, “ஏனுங்க, எருமப்பட்டி பஸ்சு வந்தாக் கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.