சும்மா பாத்தி

எங்கள் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க மையம் மாதம் ஒரு மடல் வெளியிடுகிறது. அதைத் தயார் செய்வது என் வேலை. நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பணியாளர் செய்திகள்: யார் சேர்ந்தார், யார் மாற்றலாகிப் போனார், யாருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டாம் பக்கத்தில் வரவிருக்கும் நிகழ்வுகள்: காளான் பயிற்சி, மண் பரிசோதனை முகாம், வயல் நாள். மீதி இரண்டு பக்கமும் பூச்சிகளுக்கு. எண்ணூறு பிரதிகள் எண்ணூறு உழவர் வீடுகளுக்குப் போகின்றன. அவற்றில் எத்தனை படிக்கப்படுகின்றன என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் வேலை ஓடாது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்வு நடப்பதற்கு முன்பே அதன் அறிக்கையை எழுதி வைத்துவிடுவேன். 'திரளான உழவர்கள் கலந்துகொண்டு பயனடைந்தனர்' என்ற வரியில் திரள் எத்தனை பேர் என்பதை மட்டும் பிறகு சேர்த்தால் போதும். பதினோரு வருடமாக எந்த நிகழ்வும் என் அறிக்கையை மீறி நடந்ததில்லை. என் மனைவிதான் பிழை பார்ப்பாள். தையல் மிஷினை விட்டு எழாமல், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே தாளை வாங்கிப் படிப்பாள்.

"பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிற ஆளு நீங்கதான்" என்பாள். குண்டூசி விழாது.

ஆறு மாதத்துக்கு முன் முதல் பக்கத்தில் வந்தவர் புது மேடம். தோட்டக்கலைப் பிரிவில் உதவிப் பேராசிரியர். அவருக்கு இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்த கணினிக்காரரை யாரும் 'புது' என்பதில்லை. ஏனோ இந்தப் பெண்ணுக்கு அது ஒட்டிக்கொண்டது. வந்த வாரமே மையத்தின் பின்புறம் அடுத்தடுத்து இரண்டு தக்காளிப் பாத்திகள் போட்டார். ஒரே விதை, ஒரே நாற்று, ஒரே தண்ணீர். ஒன்றுக்கு மட்டும் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கரைசல் உரம் வாரம் ஒரு முறை போகும். மற்றதற்கு எதுவும் கிடையாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும். பலகையில் 'ஒப்பீட்டுப் பாத்தி' என்று எழுதியிருந்தாலும் நாங்கள் அதைச் 'சும்மா பாத்தி' என்றே சொன்னோம்.

செடிகள் காய்த்ததும் வயல் நாள் வைத்து, உழவர்களைக் கூப்பிட்டு, வித்தியாசத்தைக் காட்டுவது திட்டம். இயக்குநரும் வருவார். புது மேடத்தின் வேலையை நிரந்தரமாக்கலாமா கூடாதா என்று அவர் எழுத வேண்டிய தாள், வயல் நாள் முடியட்டும் என்று அவர் மேசையில் காத்திருந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல் இருந்தோம்.

வயல் நாளுக்கு ஐந்து நாள் முன்பு புது மேடம் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கையில் நோட்டு.

"சார், மடல் போயிடுச்சா?"

"முந்தாநாளே போயிடுச்சு மேடம், வயல் நாள் அழைப்போட."

"எல்லாமா?"

"எண்ணூறும்."

நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை என் பக்கம் திருப்பினார். உரம் போட்ட பாத்தியில் செடிக்குச் சராசரி இரண்டே முக்கால் கிலோ. சும்மா பாத்தியில் மூன்றரை.

"மாத்தி எழுதிட்டீங்களோ?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை எடை போட்டேன். மண்ணையும் எடுத்துப் பாத்தேன், ரெண்டும் ஒரே மண்ணுதான். ஏன்னே தெரியல சார்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து கண்காணிப்பாளர் வந்தார். எந்தத் தாளாக இருந்தாலும் படிக்காமல் முத்திரை குத்துவதால் அவருக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூவரும் பின்புறம் போனோம்.

உண்மையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சும்மா பாத்திச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, குச்சியில் கட்டப்பட்டு, காயின் பாரத்தில் சாய்ந்து நின்றன. பக்கத்தில் உரம் தின்ற செடிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பணக்கார வீட்டில் சாப்பாட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளை போல இருந்தன. பாத்தி அண்ணன் ஒரு ஓரத்தில் குந்தி, களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தோட்ட வேலை அவருடையது. வரவேற்பறையில் இருக்கும் பெரிய மீன் தொட்டியும் அவர் பொறுப்புதான். தொட்டியருகே அவர் போனால் மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வரும்; இயக்குநர் போனால் வராது. அந்தப் பருவத்தில் ஒரு கறுப்பு மீன் செத்தபோது, அதைப் பணியாளர் செய்திகளில் போடச் சொல்லி என்னிடம் கேட்டார். நான் முடியாது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"என்ன அண்ணே, இது இப்படிக் காய்ச்சிருக்கு?" என்று ரப்பர் ஸ்டாம்ப் கேட்டார்.

"காய்க்கட்டும் சார். காய்ச்சா நல்லதுதானே" என்றார் பாத்தி அண்ணன், தலை நிமிராமல்.

ரப்பர் ஸ்டாம்ப் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்குப் போய் முகம் வாடுறீங்களேம்மா. ரெண்டு போர்டு, ரெண்டு குச்சி. பிடுங்கி இதை அங்க நட்டு, அதை இங்க நட்டா முடிஞ்சுது. சுத்தியல் என் ரூம்லயே இருக்கு."

புது மேடம் பலகையையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றில் பலகை லேசாக ஆடியது. அப்போது நான் என் மனதைப் பார்த்துக்கொண்டேன். அங்கே பெரிய நேர்மை எதுவும் இல்லை. 'பரிந்துரைக்கப்பட்ட பாத்தியின் விளைச்சலைக் கண்டு உழவர்கள் வியந்தனர்' என்று நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். பலகையை மாற்றிவிட்டால் அந்த வரியை அடிக்க வேண்டியிருக்காது என்றுதான் முதலில் தோன்றியது. இந்தப் பெண்ணின் வேலை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இந்த வரிசை என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

வயல் நாளன்று காலையில் நாற்காலி போடச் சீக்கிரமே போனேன். பந்தல் போட்டாகிவிட்டது. புது மேடம் பாத்திகளுக்கு நடுவில் தனியாக நின்றிருந்தார். கையில் சுத்தியல்.

நான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் சும்மா பாத்தியின் பலகை முன் குனிந்தார். ஓங்கி மூன்று அடி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆடிட்டே இருந்துச்சு சார். வர்றவங்க மேல விழுந்துடக் கூடாதில்ல."

பலகை இருந்த இடத்திலேயே இருந்தது, முன்னைவிட உறுதியாக.

"என்ன சொல்லப் போறீங்க மேடம்?"

"தெரியலன்னுதான். வேற என்ன தெரியும் எனக்கு?" சிரிக்கப் பார்த்தார். சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

பத்து மணிக்குள் எண்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். எண்ணியது நான்தான். முன்வரிசையில் கத்திரிக்கா அக்கா. இரண்டு ஏக்கரில் கத்திரி போடுகிறவர்; எங்கள் எந்த நிகழ்வையும் தவறவிட்டதில்லை, எங்கள் எந்த யோசனையையும் கேட்டதுமில்லை. இயக்குநர் வந்து பக்கவாட்டில் உட்கார்ந்தார். புது மேடம் பேசத் தொடங்குவதற்குள் கத்திரிக்கா அக்கா எழுந்து பாத்தி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். உரம் போட்டதுன்னு எழுதியிருக்கிற பக்கம் சுமாரா இருக்கு. ஒண்ணும் போடலன்னு எழுதியிருக்கிற பக்கம் கொத்துக் கொத்தா தொங்குது. போர்டை மாத்தி நட்டுட்டீங்களா?"

ரப்பர் ஸ்டாம்ப் என் காதருகே பெருமூச்சு விட்டார்.

"இல்லக்கா. போர்டு சரியாத்தான் இருக்கு" என்றார் புது மேடம். "ஒண்ணும் போடாத பக்கம்தான் அதிகமா காய்ச்சிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல. ஒரு வாரமா தேடறேன், கிடைக்கல. அதனால இன்னைக்கு இந்த உரத்தைப் போடுங்கன்னு உங்ககிட்ட என்னால சொல்ல முடியாது. போடாதீங்கன்னும் சொல்ல முடியாது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது எதற்கான அடையாளம் என்று பதினோரு வருடத்தில் நான் கண்டுபிடித்ததில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், அது நான்தான்."

பாத்தி அண்ணன். கையில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

"என்ன அண்ணே நீங்கதான்?"

"மீன் தொட்டித் தண்ணி. வாரா வாரம் பாதியை எடுத்துட்டு மாத்தணும்ல? முன்னாடி சாக்கடைலதான் ஊத்துவேன். இந்தத் தடவை இங்க கொண்டாந்து ஊத்தினேன்." தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் இயக்குநரிடமே நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். "ரெண்டு பாத்தி நாத்தையும் நட்டது நான்தான் மேடம். ஒரே நாத்தங்கால்ல இருந்து வந்த பிள்ளைங்க. ஒண்ணுக்கு மட்டும் எல்லாரும் ஊட்டி ஊட்டி விடறீங்க. இன்னொண்ணு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கு. அது என்ன பாவம் பண்ணுச்சு? ஒப்பிடணும்னா வாடவிட்டுத்தான் ஒப்பிடணுமா? எனக்கு மனசு கேக்கல."

முதலில் சிரித்தது கத்திரிக்கா அக்கா. பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. "அப்ப எங்க வீட்டுல ரெண்டாவது மகனுக்கும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணே" என்று யாரோ கத்தினார்கள்.

புது மேடம் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்துவிட்டார்.

"வாரத்துக்கு எத்தனை வாளி?"

"பத்து இருக்கும். மீனுக்கு உடம்பு சரியில்லன்னா பன்னெண்டு."

"எந்த வாரத்துல இருந்து?"

"தேதி எல்லாம் தெரியாது மேடம். அந்தக் கறுப்பு மீனு செத்துச்சுல்ல, அதுக்கு மறுநாள்தான் மொத தடவை ஊத்தினேன்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கறுப்பு மீன் செத்த நாள் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என் டைரியில், அந்த நாளின் கட்டத்தில், 'மீன் - முதல் பக்கத்தில் வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்தேன். நட்டு பத்தொன்பதாம் நாள். புது மேடம் அதைக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. ஏன் என்பது கிடைத்துவிட்ட முகம்.

அதன் பிறகு வயல் நாள் என் கையில் இல்லை. எந்த மீன், என்ன தீனி, வாளி எவ்வளவு பெரிது, கோழிக் கொட்டகைத் தண்ணீர் ஆகுமா என்று எண்பத்து மூன்று பேரும் கேட்டார்கள். புது மேடம் பாதிக்குப் பதில் சொன்னார், மீதிக்கு "தெரியல, பாத்துச் சொல்றேன்" என்றார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் கத்திரிக்கா அக்கா தலையாட்டினார். போகும்போது மண் பரிசோதனைக்கென்று ஒரு பை மண்ணை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பதினோரு வருடத்தில் அவர் எங்களை நம்பிக் கொடுத்த முதல் பொருள்.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் தேநீர்த் தட்டை ஒருவழியாகக் கீழே வைத்தார்.

"ஒப்பீடு கெட்டுப் போச்சு."

"ஆமா சார்" என்றார் புது மேடம்.

"அறிக்கைல என்ன எழுதுவீங்க?"

"கெட்டுப் போச்சுன்னுதான் சார்."

இயக்குநர் தக்காளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை வருஷத்துல எனக்கு வந்த வயல் நாள் அறிக்கை எல்லாமே வெற்றிதான். ஒண்ணுகூட முழுசா படிச்சதில்ல." அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்த்தது தற்செயல் என்றே நான் நம்ப விரும்புகிறேன். "இதைப் படிப்பேன். உங்க தாள்ல மத்தியானம் கையெழுத்துப் போடறேன். அடுத்த பருவம் மூணு பாத்தி போடுங்க. உரம் ஒண்ணு, மீன் தண்ணி ஒண்ணு, சும்மா ஒண்ணு."

"இவருக்கு மெமோ கொடுக்கணுமா சார்?" என்று ரப்பர் ஸ்டாம்ப் பாத்தி அண்ணனைக் காட்டிக் கேட்டார். அவர் கை சட்டைப் பைக்குள் முத்திரையைத் தடவிக்கொண்டிருந்தது.

"கொடுங்க. மீன் தண்ணிப் பாத்திக்கு அவர்தான் பொறுப்புன்னு."

அன்று மாலை எழுதி வைத்திருந்த அறிக்கையைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு முழுப் பக்கம் வந்தது. பூச்சிகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன். என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். மீன் செத்த இடத்தில் ஒரு குண்டூசி விழுந்தது. சாக்கடை என்பதில் க் விட்டுப்போயிருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

"இது நெசமாவே நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"அதான் நல்லாருக்கு" என்றாள்.

அந்த மடலின் முதல் பக்கத்தில் இரண்டு செய்திகள். புது மேடத்தின் பணி நிரந்தரமானது. வரவேற்பறைத் தொட்டியில் புதிய கறுப்பு மீன் ஒன்று சேர்ந்தது.

இப்போது பின்புறம் மூன்று பாத்திகள் இருக்கின்றன. சும்மா பாத்தியைச் சுற்றி மட்டும் கம்பி வலை. அதில் புது மேடம் தன் கையால் எழுதிய பலகை: 'தயவுசெய்து யாரும் இரக்கப்பட வேண்டாம்'. பாத்தி அண்ணன் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பார்த்தால் மனசு கேட்காது என்கிறார்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். மூன்று வரிசை நாற்று. வலைக்குள் இருந்தவை மற்றவற்றைவிடச் சின்னவை இல்லை. ஆனாலும் எனக்கு அப்படித் தெரிந்தது. என் கையில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், அரை டம்ளர் இருக்கும். சுற்றிலும் யாரும் இல்லை. வலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

பலகையை இன்னொரு முறை படித்தேன். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். அவ்வளவு தூரம் நடப்பது சிரமமாகத்தான் இருந்தது.