வரத்துப் பாட்டும் காளிராஜின் முகமும்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை மாட்டுங்காவில் நண்பர் அனந்தகிருஷ்ணன் வீட்டில் காபி ஆறிப்போகும்வரை வாதம். எம்பி3 ஆகச் சுருக்கிய பாட்டுக்கும் அசல் பதிவுக்கும் வித்தியாசம் தன் காதுக்குத் தெரியும் என்றார் அவர். எதிரே உட்கார்ந்து, எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மனிதர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

(எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.)

ஆனால் தோற்றால் காபி மட்டும் ஆறுகிற இடத்தில் கதை நிற்காது. தோற்றால் குடி முழுகுகிற ஓர் ஆள் வேண்டும்.

2

தாராவியில் காளிராஜ் என்று ஒரு பாட்டுக்காரர்

இல்லை, அவர் பாடுகிறவர் இல்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற காளிராஜுக்குக் காலையிலிருந்து இட்லி இறங்கவில்லை.

இது பரவாயில்லை, இருக்கட்டும்.

இன்று இசக்கியம்மன் கோயில் திருவிழாவில் மதியக் கொடை. திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய வில்லுப்பாட்டுக் குழு வரவில்லை, பாடுகிற அண்ணாவிக்குக் காய்ச்சல். “போன வருசம் நீ பதிஞ்சு வச்சது இருக்குல்லா, அதப் போடுடே” என்று கமிட்டித் தலைவர் வேலுச்சாமி அண்ணாச்சி நேற்றே சொல்லிவிட்டார். இருப்பதோ சுருக்கிய பிரதி. மெமரி கார்டில் இடம் போதவில்லை என்று அசலை அழித்தவர் காளிராஜேதான். உடனே பதறிப்போய் அதைத் திரும்பவும் பெரிய கோப்பாக மாற்றினார். அளவு பழையபடி ஊதியது. தூக்கியெறிந்த சத்தம் திரும்பி வருமா?*

* சுருக்கும்போது, இந்தச் சத்தத்தைக் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுத்தான் எறிகிறார்கள். யாருடைய காது என்று கேட்காதீர்கள். நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாமியை அழைக்கும் கட்டத்துக்கு வரத்துப் பாட்டு என்று பெயர். அதில் உடுக்கையும் ஜால்ராவும் ஏறும்போது, வருடா வருடம் அம்மன் வந்து இறங்குவது காளிராஜின் மனைவி இசக்கியம்மாள் மேல். சுருக்கினால் முதலில் அடிபடுவதோ ஜால்ராவின் கிலுகிலுப்புதான். இந்தத் தடவை இறங்காவிட்டால் “சாமி அவள விட்டுப் போயிட்டு” என்பார்கள். சந்தில் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

3

அவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், பயத்திலேயே இறங்காமல் போகலாம். சொல்லாவிட்டால் அவர் என்ன மாதிரியான

(முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

மஞ்சள் புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டே அவளே கேட்டாள். “என்னங்க, மொகமே சரியில்ல? பாட்டு கெட்டுப்போச்சா?”

“ஒண்ணுமில்லளா. ஏக்தம் கிளியரா, சுத்தமா இருக்கு.”

“அப்பம் எதுக்கு டென்சன்? நான் பாட்டயா கேக்கேன்? சவுண்டு மிக்சர்கிட்ட நிப்பியள்லா, ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த எடம் வந்ததும் சொக்கிப்போயி கண்ண மூடுவிய. அதப் பாத்ததும் எனக்கு ஒடம்பு சிலுக்கும். பொறவு ஒண்ணும் தெரியாது.”

ஜால்ராவைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த காளிராஜுக்கு இப்போது தன் முகமே பயமாகிவிட்டது.

(இது என் திட்டத்தில் இல்லை. விடை தெரிந்தவன் கேட்பவரின் எதிரே இருக்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இத்தகைய சோதனைகளின் விதி. நான் அனந்தகிருஷ்ணனுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அந்தச் சோதனையும்)

4

முதல் முடிவு: அம்மன் இறங்குகிறாள், குலவை காதைப் பிளக்கிறது. எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நிஜமாகவே சாமி இறங்கியதா என்று காளிராஜ் ஆயுள் முழுக்க மனைவியைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

இரண்டாவது முடிவு: இறங்கவில்லை. எழுதக் கை வரவில்லை. எனக்கு இசக்கியம்மாளைப் பிடித்துவிட்டது.

இப்போது உச்சி வெயில். வரத்துப் பாட்டு தொடங்கிவிட்டது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இசக்கியம்மாள் கூட்டத்துக்கு மேலே கண்ணை ஓட்டி அவரைத் தேடுகிறாள். மிக்சரை அப்படியே விட்டுவிட்டு காளிராஜ் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். வெளியே வந்தால் பயம் தெரியும். வராவிட்டால் அவள் பார்க்கிற இடம் காலியாக இருக்கும். கண்ணை மூடி நடிக்கலாம்தான். ஆனால் அந்த முகத்தில் எது அசல் என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். அவர் நிமிர்ந்து உங்களைத்தான் பார்க்கிறார். எழுந்திருக்கச் சொல்வதா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள். ஜால்ரா ஏறத் தொடங்கிவிட்டது.