பாதி விலை டிவி

மாடியில் அஞ்சனா டிவி வாங்கியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என் ஓர்ப்படி, மைத்துனன் சங்கர்ராமின் மனைவி. மட்டாஞ்சேரியில் இந்தப் பழைய வீட்டில் மேலே அவள், கீழே நான். நடுவில் வெறும் பலகைத் தளம். அவள் டிவியில் யாராவது சிரித்தால் என் அடுக்களையில் கேட்கும். சுவர் அகலத்துக்கு டிவி, அதுவும் பாதி விலைக்கு! தெய்வம் அவளுக்கு மட்டும்தான் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் நீலாம்பாளோடு நானும் மாடிக்குப் போனேன். பார்க்காமல் எரிவதைவிடப் பார்த்தே எரியலாம்.

"மன்னி, உங்க சீரியலை இதுல பாருங்கோ" என்றாள் அஞ்சனா. விட்ட இடத்திலிருந்து பார்க்கலாமே என்று, என் போனில் இருக்கும் கணக்கை அந்த டிவியில் திறந்தேன்.

சாயா குடிக்க நிறுத்தினோம். சும்மா இருந்த திரையில் விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு நீலக்கல் கம்மல். அஞ்சனா காதில் கிடப்பது அதேதான். அடுத்து அவள் ஜன்னலில் தொங்கும் மஞ்சள் திரைச்சீலை. ஓணத்துக்கு அவள் கட்டிய புடவை. கடைசியில் அந்த டிவியே வந்தது, அதே அளவில்.

"என்னடா இது? இவகிட்ட இருக்கறதையே இவளுக்கு விக்கறதே?" என்று மகனைக் கேட்டாள் மாமியார்.

"பின்னே சும்மாவா அம்மா பாதி விலைக்குத் தரான்? மீதியை இப்படித்தான் எடுப்பான். கணக்கைத் திறந்தாப் போறும், போன்ல என்னெல்லாம் தேடினோமோ அத்தனையும் இதுக்குத் தெரியும்" என்று சிரித்தான் சங்கர்ராம்.

அஞ்சனா எதை வாங்கினாலும் உடனே அதைப் போனில் தேடி விலை பார்ப்பவள் நான். என் கணவருக்குக்கூட இது தெரியாது.

"அப்போ யாரு தேடினா?" என்றாள் மாமியார். அவளுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அம்பலத்தில் தொழ வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அஞ்சனா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் அம்மா. வாங்கினப்பறம் வேற எங்கயாவது விலை கொறவோன்னு நோக்குவேன். அப்படி ஒரு கிறுக்கு எனக்கு" என்றவள், ரிமோட்டை எடுத்துச் சத்தமில்லாமல் என் கணக்கை மூடினாள்.

"கிறுக்கா? சமத்துடி நீ!" என்று மாமியார் அவள் கன்னத்தைத் தடவினாள்.

எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். வயிறுதான் பற்றி எரிந்தது. கம்மலென்றால் என்றைக்காவது வாங்கிவிடுவேன். இந்தப் பெரிய மனசும் அவளுக்கேவா வாய்க்க வேண்டும்?